மூன்றாவது நாளே வீட்டுக்குப் போய்விடுங்கள்

ஒரு பையன் படிப்பை நிறுத்திவிட்டான் என்று பள்ளிக் கணக்கில் ஏறும்போது, அவன் நின்று இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். மனசுக்குள் நின்றது அதற்கும் முன்னால். வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் 19 வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பெரும்பாலும் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வ.உ.சி. நகர், வியாசர்பாடிப் பிள்ளைகள். நின்றுபோனவர்களில் பலரைத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறேன், சிலரைக் கோட்டைவிட்டும் இருக்கிறேன். ஒருவனை நானே விரட்டியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன். புதிதாக வகுப்பை ஏற்கும் டீச்சர்கள், சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கும் அக்காக்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

வருகைப் பதிவு இப்போது செல்போன் செயலியில் போகிறது. எத்தனை நாள் வரவில்லை என்று அது சொல்லும். எந்தக் கிழமை வரவில்லை என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் பெயர், மேலே திங்கள் முதல் வெள்ளி வரை. வராத நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் புள்ளிகளே பேசும்.

திங்கட்கிழமைக் கட்டத்தில் மட்டும் புள்ளி விழுந்தால், எங்கள் பக்கத்தில் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: ஞாயிற்றுக்கிழமை காசிமேடு. ஊரே மீன் வாங்க வரும் நாள் அது. விடியும் முன்னே ஏலம் ஆரம்பித்துவிடும். கூடை தூக்க, ஐஸ் உடைக்க, மீன் கழுவிக் கொடுக்க என்று பதினைந்து வயசுப் பையனுக்கு அங்கே வேலைக்குக் குறைவில்லை. மதியம் கையில் சில நூறு ரூபாயோடு வீடு திரும்புவான். திங்கட்கிழமை உடம்பு எழுந்திருக்காது. அப்புறம் செவ்வாய் சேர்ந்துகொள்ளும்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தொடர்ந்து புள்ளி விழுந்தால் எம்.சி. ரோடு துணிக்கடைகளைச் சந்தேகப்படுங்கள். “தீபாவளி வரைக்கும்தான் மிஸ்” என்பார்கள். பையன் சுறுசுறுப்பாக இருந்தால் முதலாளி பொங்கல் வரை இருக்கச் சொல்வார். பொங்கலுக்குப் பிறகு அரையாண்டு போய்விட்டது, பாதிப் பாடம் போய்விட்டது, அவனுக்கே வர வெட்கமாகிவிடும்.

கணக்குப் பரீட்சை நாளில் மட்டும் வராதவனுக்குப் பெரும்பாலும் வாசிக்கவே வராது. பெண் பிள்ளைகளுக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் புள்ளி விழுந்தால், அந்தப் பிள்ளையிடம் போகாதீர்கள். நேராகக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, நாப்கின் போடத் தொட்டி இருக்கிறதா? நான் பார்த்த ஒரு வருஷம், தாழ்ப்பாள் ஒன்றைப் போட்டதற்கே இரண்டு பிள்ளைகளின் புள்ளி நின்றுபோனது.

எத்தனை புள்ளி வந்தால் கவலைப்பட வேண்டும்? வருஷத்துக்கு ஏறக்குறைய 210 வேலை நாள். பத்தில் ஒரு பங்கு போனாலே நாள்பட்ட வராமை என்று அமெரிக்காவில் கணக்கு வைக்கிறார்கள். நம் கணக்குக்கு அது 21 நாள், மாதத்துக்கு இரண்டே புள்ளி. “ரெண்டு நாள்தானே” என்று நாம் விடுவது அந்த இரண்டைத்தான்.

வீட்டுக்குப் போவது

முதல் நாள் காய்ச்சலாக இருக்கலாம். இரண்டாம் நாளும் இருக்கலாம். மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விடுங்கள். பத்தாம் நாள் போனால் அவனுக்கு ஒரு வேலை, ஒரு முதலாளி, கொஞ்சம் முன்பணம் எல்லாம் அமைந்திருக்கும். அப்போது நீங்கள் பேச வேண்டியது பையனோடு அல்ல, கடனோடு.

நான்கு பேராகப் போகாதீர்கள். ஹெச்.எம்.மைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். வீடு தெரிந்த வகுப்புத் தோழன் ஒருவன் போதும், அவனும் தெருமுனையிலேயே நிற்கட்டும். அம்மா வேலைவிட்டு வந்து முகம் கழுவிய நேரம், ஏழு மணி வாக்கில் சரியாக இருக்கும். தண்ணீர் லாரி வந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், குடத்தோடு நிற்கிறவரிடம் படிப்பைப் பற்றிப் பேசக் கூடாது. போர்டு வீடாக (குடிசை மாற்று வாரிய அடுக்குமாடி) இருந்தால் கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நாலு மாடியும் எட்டிப் பார்க்கும், பையன் பின்பக்கமாக இறங்கிப் போய்விடுவான். டீ கொடுத்தால் குடியுங்கள்.

முக்கியமான விஷயம், கையில் ஒரு காரணத்தோடு போங்கள். “ஏன் வரல?” என்பது போலீஸ் கேள்வி. நான் எப்போதும் பையனுடைய நோட்டு ஒன்றைத் திருத்தி வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்க வந்ததாகப் போவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் கொருக்குப்பேட்டையில் ஒரு மூன்றாவது மாடி வீடு. பையன் ஒன்பது நாளாக வரவில்லை. (மூன்றாம் நாள் விதியை நானே மீறிய கதை இது. விடைத்தாள் திருத்தும் வேலை.) வாசலில் பாட்டி பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா டீச்சர், எதுனா தப்பு பண்ணிட்டானா?”

“இல்லம்மா. அவன் கிராஃப் நோட்டு எங்கிட்டயே தங்கிடுச்சு, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு கால் மட்டும் தெரிந்தது. நான் நோட்டைப் பிரித்து, கதவைப் பார்த்தே பேசினேன். “இந்தப் படத்துல அளவுத்திட்டம் எழுதாம விட்டுட்டியேடா, அதுல ஒரு மார்க் போச்சு பாரு.” கால் வெளியே வந்தது. ஐந்து நிமிஷம் அளவுத்திட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசினோம். எக்ஸ் அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு எடுத்தாய், ஏன் எடுத்தாய். பாட்டி பூவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவராகவே சொன்னார்: “முடி ஒயுங்கா வெட்டலயாம். அப்பனைக் கூட்டினு வந்தாத்தான் உள்ள வுடுவேன்னுட்டாங்களாம். அப்பனுக்கு நான் எங்க டீச்சர் போவேன்?”

அப்பா அவன் ஆறாவது படிக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர். பையன் ஒன்பது நாளாகக் கிளம்பி, பள்ளி வாசல் வரை வந்து, திரும்பிப் போயிருக்கிறான். வறுமையும் இல்லை, படிப்பில் வெறுப்பும் இல்லை. காரணம் ஒரே ஒரு வாக்கியம். அன்றிலிருந்து எங்கள் ஆசிரியர் அறையில் நான் விடாமல் போடும் சண்டை அதற்குத்தான்: “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்று சொல்லாதீர்கள். யாராவது ஒரு பெரியவரை அழைத்துவரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களே போன் பண்ணுங்கள். முடிவெட்டுக்காக வாசலில் நிறுத்தாதீர்கள். பாக்ஸ் கட்டிங்கோடு வந்து 35 மார்க் வாங்கிப் போனால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

கடலுக்குப் போகும் குடும்பங்களுக்குத் தனிக் காலண்டர் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்கள் வலை தைத்துக்கொண்டும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டும் நிழலில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் பிடிக்கவே முடியாத அப்பாக்கள்! மே மாதத்தில் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தடை முடிகிற வாரமும் பள்ளி திறக்கிற வாரமும் பக்கம் பக்கமாக வருகின்றன. இரண்டு மாதம் வருமானமில்லாமல் கடன் ஏறியிருக்கும் நேரத்தில், கோடையில் வலை வேலைக்கு வந்த பையனை அப்படியே படகில் ஏற்றிவிடுவார்கள். அதற்கு முன்பே, “இவனுக்கு ஜூன்ல ப்ளஸ் ஒன் அட்மிஷன் போட்டாச்சு” என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் நாள்

வீட்டுக்குப் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பையனைப் பள்ளிக்குள் மறுபடி கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் கஷ்டமான பாதி. வராமல் இருந்ததைவிட, வந்து முகம் காட்டுவதற்குத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன் என்றேனே. வேலைக்கு வந்து நாலைந்து வருஷம் இருக்கும். மூன்று வாரம் கழித்து ஒருவன் வகுப்புக்கு வந்தான், அவனாகவே. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க கலெக்டர் சார், வழி தெரிஞ்சுதா?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். மதியச் சாப்பாடு வரை இருந்தான், பிறகு பின்சுவர் ஏறிப் போனவன் வரவே இல்லை. இப்போது காசிமேட்டில் ஐஸ் வண்டியில் இருக்கிறான். என்னைப் பார்த்தால் “மிஸ்” என்று கூப்பிட்டு, நண்டு விற்கிறவரிடம் எனக்காகப் பேரம் பேசுவான். நான் இன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதனால் திரும்பி வரும் நாளைக் கல்யாண ஏற்பாடு மாதிரி செய்யுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று காலைக் கூட்டத்தில் எல்லோர் கண்ணும் படும். புதன் நல்லது. பரீட்சை இல்லாத நாளாக இருக்கட்டும், முடிந்தால் பி.டி. பீரியடுக்கு முன்னால். பந்து உருளும்போது யாரும் பழைய கதை கேட்க மாட்டார்கள், அதுவும் கால்பந்துப் பைத்தியமான வியாசர்பாடிப் பையன்கள் கேட்கவே மாட்டார்கள். அன்றைக்கு அவன் வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு ஆசிரியரிடமும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்: விடுப்புக் கடிதம் கேட்க வேண்டாம், கிண்டல் வேண்டாம், “நல்லவேளை வந்துட்டே” என்ற பாராட்டும் வேண்டாம். பாராட்டும் ஒரு வெளிச்சம்தான், கண் கூசும். உட்காருகிற இடத்தை முதல் நாளே நண்பனிடம் சொல்லிப் பிடித்து வையுங்கள்.

அப்புறம் பாடம். விட்டுப்போன எல்லாவற்றையும் எழுதி முடிக்கச் சொன்னால் மறுநாள் மறுபடி புள்ளி விழும். நான் ஒரு தாளில் அவன் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டுவேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரைபடமும் வடிவியல் வரைதலும் ஆளுக்கு 8 மார்க். பென்சிலும் காம்பஸும் பழகினால் 16 கையில். ஒரு மார்க் கேள்வி 14 இருக்கிறது, பாடத்தின் பின்னால் இருப்பதைப் படித்தால் 8 வரும், ஆக 24. இரண்டு மார்க் கேள்வியில் மூன்று, 30. முதல் பாடமான உறவுகளும் சார்புகளும் பகுதியில் ஒரு ஐந்து மார்க், 35. “அவ்ளோதானா மிஸ்?” என்று கேட்பான். அவ்வளவுதான். மலை மாதிரி தெரிந்தது நாலு படியாகிவிடும். அதில் முதல் படி வரைபடம், ஏனென்றால் அதற்கு முந்தின பாடம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள் போட்டுக் கொடுக்கச் சொல்லி மற்ற டீச்சர்களையும் நச்சரியுங்கள். அறிவியலில் செய்முறைக்கு 25 மார்க் இருக்கிறது, அந்த நாளில் மட்டும் எப்பாடு பட்டாவது ஆளைக் கூட்டிவந்துவிடுங்கள்.

வாசிக்கவே வராதவனுக்கு இந்தத் தாள் உதவாது. அவனுக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான், அட்டைக்கு நியூஸ்பேப்பர் உறை போட்டு, மற்றவர்கள் போனபின் தினம் இருபது நிமிஷம். உறை முக்கியம்.

பணத்தோடு போட்டி போடாதீர்கள்

அரசுத் திட்டங்களை அம்மாக்களிடம் ரூபாயில் சொல்லுங்கள். இடைநிற்றலைத் தடுக்கத் தரும் ஊக்கத்தொகை பத்தாம் வகுப்புக்கு 1,500, ப்ளஸ் ஒன்னுக்கு 1,500, ப்ளஸ் டூவுக்கு 2,000. அது சேர்ந்து ப்ளஸ் டூ முடித்தபின் வரும். ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று அதைத் தொடங்கியதே நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஐடிஐ, பாலிடெக்னிக் போனாலும் கிடைக்கும்.

ஆனால் பையனிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவன் பார்க்கும் பணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் கழித்து வரும் 5,000 நிற்காது. வேலையை விடச் சொல்லாதீர்கள், வேலை நேரத்தைப் பேசுங்கள். எம்.சி. ரோட்டில் ஒரு கடை முதலாளியிடம் போய், “ஆறு மணிக்கு மேல அனுப்பறேன், ஒன்பதுக்கு விட்டுடுங்க, பரீட்சை மாசத்துல கேக்காதீங்க” என்று நான் பேசியிருக்கிறேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, “எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தான் டீச்சர் எனக்கும் வேணும்” என்றார். வேலைக்கு வழிகாட்டும் டீச்சர் என்று சிலர் என்னைத் திட்டக்கூடும். திட்டட்டும், அந்தப் பையன் ப்ளஸ் டூ முடித்தான். ஒன்று மட்டும்: 14 வயசுக்குக் கீழ் என்றால் பேரமே கிடையாது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வயசுப் பிள்ளையை எந்தக் கடையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆபத்தானவை என்று சட்டம் பட்டியல் போட்ட வேலைகளுக்கு 18 வரை கூடாது. அங்கே குழந்தைகள் உதவி எண் 1098தான்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஜூனில் அதே பையன் ப்ளஸ் ஒன் வகுப்பில் மதியம் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பான். பிற்பகல் வருகை குறைவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சத்துணவு அமைப்பாளர் அம்மாவிடம், மிச்சமிருந்தால் கூப்பிடச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெண் பிள்ளைகள் பணத்துக்காக நிற்பதைவிட வீட்டுக்காக நிற்பதுதான் அதிகம். அம்மாவுக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் மூத்தவள் ஒரு மாதம் சமையல். “ஒரு மாசம்தானே” என்பது மூன்றாகும். மதியமாவது அனுப்புங்கள் என்று கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நோட்டுக் கொடுத்தனுப்புங்கள். நிச்சயம் பண்ணப் போகிறார்கள் என்று தோழிகள் கிசுகிசுத்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். 18 ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம் என்று அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட்டு, கேட்காவிட்டால் 1098க்குச் சொல்லுங்கள். யார் சொன்னார்கள் என்பதைப் பிள்ளையின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரீட்சையும் ரிசல்ட்டும்

2023 மார்ச் 13 அன்று ப்ளஸ் டூ மொழிப்பாடத் தேர்வை மாநிலம் முழுக்க 50,000 பேருக்கும் மேல் எழுத வரவில்லை. கொரோனாவால் 2021ல் தேர்வே இல்லாமல் பத்தாவது பாஸ் ஆன வகுப்பு அது. நாமினல் ரோலில், அதாவது தேர்வு எழுதுவோர் பட்டியலில், பெயர் இருந்தது, ஆள் இல்லை. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: ஜனவரியில் நாமினல் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகத்தைப் பார்த்துவிடுங்கள். பார்க்காத பெயருக்கு வீடு தேடிப் போங்கள்.

அதற்கு முன் டிசம்பர் ஒன்று இருக்கிறது. 2023ல் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் புத்தகம், யூனிஃபார்ம், சாதிச் சான்றிதழ் எல்லாம் தண்ணீரில் ஊறின. “புக்கு போச்சு மிஸ்” என்று சொல்லக் கூச்சப்பட்டே சிலர் வராமல் இருந்தார்கள். புதுப் புத்தகம் அரசு கொடுத்தது, ஆனால் வந்தால்தானே வாங்க முடியும். இப்போது அக்டோபருக்குள் ஆதார், சாதிச் சான்றிதழ் நகல்களைப் பள்ளி பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன். கீழ்த்தட்டில் வேண்டாம், எங்கள் பள்ளிக்குள்ளும் தண்ணீர் வரும்.

ரிசல்ட் நாளில் பாஸ் ஆனவர்கள் ஸ்வீட்டோடு வருவார்கள். நீங்கள் போனை எடுத்துக்கொண்டு வராதவர்களைக் கூப்பிடுங்கள், மதியத்துக்குள். பக்கத்து வீட்டார் விசாரிக்கும் முன் உங்கள் குரல் போய்ச் சேர வேண்டும். ஃபெயில் என்ற வார்த்தையைத் தொடாதீர்கள். “ரெண்டு பேப்பர் பாக்கி இருக்கு, துணைத்தேர்வு எழுதிட்டு இந்த வருஷமே ப்ளஸ் ஒன் சேர்ந்துடலாம்” என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும். விண்ணப்பத்துக்குச் சில நாள்தான் அவகாசம் தருவார்கள், அதனால் மறுநாளே பள்ளிக்கு வரவைத்து அங்கேயே போட்டுவிடுங்கள். துணைத்தேர்வு வரை தினமும் காலை இரண்டு மணி நேரம் வகுப்பு வையுங்கள். நாலே பேர் வந்தாலும் வையுங்கள்.

அதிலும் முடியவில்லை, புத்தகமே பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்துவதில்லை நான். வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும், வடசென்னை அரசு ஐடிஐயிலேயே விசாரிக்கலாம். பாக்கிப் பேப்பரைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். டி.சி.யைக் கேட்டு வாங்கி அம்மாவிடம் கொடுங்கள், கையெழுத்துக்கு அலையவைக்காதீர்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் போன் நம்பர்கள். வீட்டுக்கு மூன்று வாங்குங்கள். பிரீபெய்டு நம்பர் மாதா மாதம் மாறும், போர்டு வீடு இடித்தால் குடும்பமே மாறிவிடும். முதல் நம்பர் அம்மா, இரண்டாவது அத்தையோ சித்தியோ. மூன்றாவது தெருமுனை அண்ணாச்சி மளிகைக் கடை. யார் எங்கே குடிபோனாலும் கடன் நோட்டில் பாக்கி இருக்கும்வரை அவருக்குப் புது விலாசம் தெரிந்திருக்கும்.